அப்பாவோட இன்ஜினுக்கு விளக்கெண்ணெயா, சிந்தெடிக்கா?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கார். பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால போடலை. அவரோட அப்பா காலேஜ் நாள்ல என்சிசி ஏர் விங்ல இருந்தவர், கண்ட்ரோல் லைன் ப்ளேன் விட்டவர், அதாவது கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நம்மளைச் சுத்திப் பறக்கவிடற மாடல் ப்ளேன். சொந்தக்காரர் ஒருத்தர் அமெரிக்காவுல இருந்து கொண்டுவந்து கொடுத்த ஃபாக்ஸ் 35-ங்கற மாடல் ப்ளேன் இன்ஜின் ஒண்ணு, அப்பா தவறினப்புறம் வீட்டை ஒழிக்கும்போது பரண்ல துணியில சுத்தி கிடைச்சிருக்கு. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ப்ளஸ் ஒன் படிக்கிற மகனுக்காக போன வருஷம் ஓ.எஸ். 46 ஏஎக்ஸ் இன்ஜின் மாட்டின, புதுசா பழகறவங்களுக்கான ட்ரெயினர் ப்ளேன் ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கார்.

மெத்தனாலும் எண்ணெயும் கலந்து வர்ற ரெடிமேட் ஃப்யூவல் விலையைப் பார்த்து மலைச்சுப்போய், தானே கலந்துக்கலாம்னு முடிவு பண்ணி, தெரிஞ்சவர் மூலமா அஞ்சு லிட்டர் மெத்தனால் வாங்கி, மரச்செக்குல ஆட்டின விளக்கெண்ணெய் வாங்கி, சமையல்கட்டு தராசுல 800 கிராமுக்கு 200 கிராம்னு நிறுத்து கலந்திருக்கார். 46 ஓடியிருக்கு. ஆனா மஃப்ளர் முழுக்க பழுப்பு கலர்ல பிசுபிசுன்னு படிஞ்சு, மூணு வாரம் கழிச்சு எடுத்தா ப்ராப்பை, அதான் முன்னாடி சுத்தற ப்ரொப்பெல்லரை, திருப்பவே முடியலையாம். கிரவுண்டுல ஒருத்தர், "விளக்கெண்ணெய் எல்லாம் தாத்தா காலத்து சமாச்சாரம், ஃபுல் சிந்தெடிக் போடுங்க"ன்னு சொல்ல, இன்னொருத்தர் "பைக்குக்கு ஊத்துற 2டி ஆயிலும் சிந்தெடிக்தானே, அதையே ஊத்துங்க"ன்னு சொல்லியிருக்கார். அவர் கேக்கறது: எந்த எண்ணெய் நல்லது, 46 போச்சா, ஃபாக்ஸை சிந்தெடிக்ல ஓட்டலாமா. கடைசியா இன்னொரு சின்ன கேள்வியும் இருக்கு, அதை கடைசியிலயே பார்ப்போம்.

சார், முதல்ல பயத்தைப் போக்கிடறேன். உங்க 46 அநேகமா சாகலை. நான் இந்த குட்டி இன்ஜின்களைக் கழட்டி மாட்டற வேலையை இருபது வருஷத்துக்கு மேல பார்த்துட்டிருக்கேன், "ஜாம் ஆயிடுச்சு"ன்னு என்கிட்ட வர்ற பத்துல ஏழெட்டு வெறும் எண்ணெய் பிசின்ல ஒட்டிக்கிட்டதுதான். அதை எப்படி விடுவிக்கறதுன்னு கீழ சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி, உங்க லெட்டர்ல நீங்க கேள்வியாவே கேக்காத ஒரு வரி இருக்கு, அதைப் படிச்சப்ப எனக்கு பக்குனு ஆச்சு. மிச்ச மெத்தனாலை "ரெண்டு மூணு தண்ணி பாட்டில்ல ஊத்தி சிங்க்குக்கு கீழ வச்சிருக்கேன்"னு எழுதியிருக்கீங்க.

அந்த பாட்டில்களை இன்னைக்கே எடுங்க

மெத்தனால் பார்க்க தண்ணி மாதிரியேதான் இருக்கும், வாசனையும் பெருசா எச்சரிக்காது. ரெண்டு டீஸ்பூன் அளவு உள்ள போனாலே கண்பார்வை போகலாம், அதுக்கு மேல உயிரே போகலாம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60 பேருக்கு மேல செத்தாங்களே, அந்த சாராயத்துல இருந்தது இதே மெத்தனால்தான். இதுல மோசமான விஷயம், குடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது, பல மணி நேரம் கழிச்சுதான் வயித்து வலி, கண் மங்கல்னு ஆரம்பிக்கும், அதுக்குள்ள உள்ள வேலையை முடிச்சிருக்கும். யாராவது தெரியாம ஒரு வாய் குடிச்சிட்டா அறிகுறி வரட்டும்னு காத்திருக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும், "மெத்தனால்"ங்கற வார்த்தையை டாக்டர்கிட்ட சொல்லணும். தோல் வழியாவும் உள்ள போகும், அதனால கலக்கும்போது கையில வழிஞ்சா ஊதிக் காய வைக்காதீங்க, கழுவுங்க. பத்திக்கிட்டா பகல் வெளிச்சத்துல தீயே கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது சட்டம். நான் வக்கீல் இல்லை, ஆனா இது தொழில்ல இருக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். தமிழ்நாட்டுல மெத்தனால் வாங்க, வச்சுக்க, விக்க லைசன்ஸ் வேணும், 1959-ம் வருஷத்து மெத்தில் ஆல்கஹால் விதிகள் இதுக்குன்னே இருக்கு. "தெரிஞ்சவர் மூலமா" பில் இல்லாம வந்த அஞ்சு லிட்டர் கேன் உங்க வீட்டுல இருக்கறது உங்களுக்குத்தான் தலைவலி. ஹாபிக்குன்னு சொன்னா விட்டுடுவாங்கன்னு நினைக்காதீங்க. சாக்கடையில கொட்டவும் வேண்டாம். உங்க ஊர் ஏரோமாடலிங் கிளப்ல லைசன்ஸ் வச்சிருக்கற ஃப்யூவல் சப்ளையர் யாருன்னு கேட்டு, மிச்சத்தை எப்படி ஒப்படைக்கறதுன்னு அவர்கிட்டயே பேசுங்க, சந்தேகம் இருந்தா மதுவிலக்கு ஆயத்தீர்வை ஆபீஸ்ல கேளுங்க. இனிமே பச்சை மெத்தனால் வீட்டுக்குள்ள வர வேண்டியதே இல்லாத மாதிரி ஒரு வழி சொல்றேன், அதுல ஃபாக்ஸும் ஓடும் 46-ம் ஓடும்.

சரி, இப்ப எண்ணெய்க்கு வருவோம்.

இந்த இன்ஜின்ல பைக், கார் மாதிரி தனியா ஆயில் சம்ப் கிடையாது. ஃப்யூவலோட வர்ற எண்ணெய் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைச்சிட்டு மஃப்ளர் வழியா வெளியே போயிடுது. போகும்போது சூட்டையும் கொஞ்சம் தூக்கிட்டுப் போகுது. அதோட மெத்தனால் ஆவியாகறப்போ பெட்ரோலைவிட மூணு மடங்குக்கு மேல சூட்டை உறிஞ்சும். பெட்ரோலுக்கு காத்து 14.7-க்கு 1-ன்னா மெத்தனாலுக்கு வெறும் 6.4-க்கு 1, அதாவது ஒவ்வொரு சுத்துக்கும் நிறைய ஃப்யூவல் உள்ள போகுது, அதோட சேர்ந்து நிறைய எண்ணெயும் போகுது. எல்லாம் ஒழுங்கா ஓடற வரைக்கும் எந்த எண்ணெயும் நல்ல எண்ணெய்தான்.

வம்பு வர்றது நீடிலை, அதாவது ஃப்யூவல் அளவைக் கூட்டிக் குறைக்கற திருகை, ரெண்டு க்ளிக் அதிகமா மூடிட்டா, இல்ல டேங்க் உள்ள இருக்கற ட்யூப்ல கீறல் விழுந்து காத்து இழுத்தா. அப்ப இன்ஜின் லீன் ஆகும். லீன்னா என்ன? ஃப்யூவல் குறைஞ்சது, அதனால குளிர்ச்சியும் குறைஞ்சது, எண்ணெயும் குறைஞ்சது, மூணும் ஒரே நேரத்துல. சூடு ஏறுது, சூட்டைத் தாங்க வேண்டிய எண்ணெயோ கம்மியா வருது. அந்த பத்து இருபது செகண்டுல ரெண்டு எண்ணெயும் எப்படி நடந்துக்குதுங்கறதுதான் மொத்த வித்தியாசமும், மத்ததெல்லாம் துடைக்கற துணி சம்பந்தப்பட்ட பிரச்சனை.

விளக்கெண்ணெயில 100-க்கு சுமார் 90 பங்கு ரிசினோலிக் ஆசிட்னு ஒண்ணு. மத்த சமையல் எண்ணெய்ல இல்லாத ஒரு ஹைட்ராக்சில் கொக்கி அதுல இருக்கு, அதனாலதான் அது மெத்தனால்ல கரையுது, உலோகத்துல அட்டை மாதிரி ஒட்டிக்குது. 230 டிகிரி பக்கம் போனா பெரும்பாலான எண்ணெய் ஆவியா போகப் பார்க்கும், இதுவோ ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இன்னும் கெட்டியாகி, பிஸ்டன் மேல ஒரு படலமா நின்னுக்கும். இன்ஜின் லீனா ஓடினாலும் அந்தப் படலம் கொஞ்ச நேரம் காப்பாத்தும். நீங்க அழுக்குன்னு நினைச்ச அந்த பழுப்புப் படிவு இருக்கே, அது அந்தக் காப்பாத்தற குணத்தோட மறுபக்கம். ஒண்ணை வச்சுக்கிட்டு ஒண்ணை விட முடியாது.

மாடல் ஃப்யூவல்ல போடற சிந்தெடிக் பெரும்பாலும் பாலிஆல்கைலின் கிளைக்கால் வகை. மெல்லிசு, நல்லா கரையும், இன்ஜின் வழுக்கிட்டு ஓடும், ஆர்பிஎம் கொஞ்சம் கூடும், ப்ளேன் ரெக்கையை ஒரு துடை துடைச்சா போயிடும். அளவு மீறின சூட்டுல சுத்தமா எரிஞ்சு காணாம போயிடும், கரி வைக்காது. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா காணாம போன இடத்துல உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசும்.

என்கிட்ட ஒரு பையன் 46 சைஸ் இன்ஜின் ஒண்ணு கொண்டு வந்தான், ஃபுல் சிந்தெடிக்ல ஓடினது, வாங்கி அஞ்சு மாசம். உள்ள கண்ணாடி மாதிரி சுத்தம், பிஸ்டன் தலையில கரியே இல்லை, இவ்வளவு அழகா ஒரு இன்ஜினை நான் பார்த்ததில்லைன்னு சொல்லணும். எக்ஸாஸ்ட் போர்ட் வழியா டார்ச் அடிச்சு லென்ஸ் வச்சுப் பார்த்தா பிஸ்டன் பக்கவாட்டுல மேல இருந்து கீழ நேர்க்கோடா கீறல், விரல் நகம் தட்டுப்பட்டுச்சு. டேங்க்ல ட்யூப் விண்டிருக்கு, ஒரே ஒரு ஃப்ளைட்தான், லீன் ஆகி அலறியிருக்கு, பையன் "நல்லா ஸ்பீடா போகுது"ன்னு சந்தோஷமா பார்த்துட்டிருந்திருக்கான். இதுக்கு நேர் எதிரா, என்னோட சொந்த ரிங் போட்ட இன்ஜின், முழு விளக்கெண்ணெய்ல ஓட்டிட்டு சோம்பேறித்தனத்துல ஆஃப்டர் ரன் ஆயில், அதாவது ஓட்டி முடிச்சதும் உள்ள விடற பாதுகாப்பு எண்ணெய், விடாம ரெண்டு வருஷம் பெட்டியில போட்டேன். எடுத்துப் பார்த்தா ரிங் பள்ளத்துலயே பிசின் பிடிச்சு அசையாம உக்காந்துடுச்சு, கம்ப்ரெஷனே இல்லை. அந்த ரெண்டுல எதை சரி பண்ண முடிஞ்சதுன்னு கேட்டா, என்னோடதை. பிசினைக் கரைக்கலாம், கீறலைக் கரைக்க முடியாது.

உங்க கலவையில எது தப்பாச்சு

விளக்கெண்ணெய் போட்டது தப்பே இல்லை. போட்ட விளக்கெண்ணெயும், அளந்த விதமும்தான் தப்பு.

மரச்செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லதா இருக்கட்டும், இன்ஜினுக்கு ஆகாது. வடிகட்டாத செக்கு எண்ணெயில பசை, ஈரம், ஆசிட் எல்லாம் இருக்கும், கொட்டையை வறுத்து இடிச்சு தண்ணியில கொதிக்க வச்சு எடுக்கற கிராமத்து எண்ணெயில இன்னும் அதிகம். அந்தப் பசைதான் சூட்டுல சீக்கிரமா வார்னிஷ் ஆகுது. பூஜை சாமான் கடையில தீப எண்ணெய்னு விக்கறது வேற எண்ணெய் கலந்ததா இருக்கலாம், அதைத் தொடவே வேண்டாம். உங்களுக்கு வேணுங்கறது பசை நீக்கின, வெளிர் மஞ்சள்ல இருக்கற ஃபர்ஸ்ட் ஸ்பெஷல் கிரேடு, இல்லைன்னா மருந்துத் தரத்துல வர்றது. உலகத்துலயே ஆமணக்கு அதிகமா விளையறது நம்ம நாட்டுலதான், அதுல பெரும்பங்கு குஜராத். வெள்ளைக்காரங்க காஸ்ட்ரால் எம்னு டின்ல வாங்கறதுக்கும் அடிப்படை ஆமணக்குதான், அதனால நல்ல சரக்கு கிடைக்காம போகாது, கேட்டு வாங்கணும் அவ்வளவுதான்.

அடுத்தது தராசு. மெத்தனால் 80, எண்ணெய் 20-ங்கற எஃப்ஏஐ (உலக வான் விளையாட்டு சம்மேளனம்) ஃபார்முலா கொள்ளளவு கணக்கு, எடை கணக்கு இல்லை. மெத்தனால் லிட்டருக்கு 790 கிராம்தான் இருக்கும், விளக்கெண்ணெய் 960 கிராம். நீங்க 200 கிராமும் 800 கிராமும் நிறுத்தப்போ எண்ணெய் வந்தது சுமார் 208 மில்லி, மெத்தனால் 1,010 மில்லிக்கு மேல. கணக்குப் போட்டா எண்ணெய் 17 சதவீதம். 46-க்கு இது விளிம்புல நிக்கற அளவு. ஃபாக்ஸை இதுல ஓட்டியிருந்தீங்கன்னா எனக்கு இப்ப வேற மாதிரி பதில் எழுத வேண்டி வந்திருக்கும், நல்லவேளை ஓட்டலை.

2டி ஆயில் யோசனை சொன்னவருக்கு என் சார்பா ஒரு கும்பிடு போட்டுட்டு விட்டுடுங்க. அது பெட்ரோல்ல கரையறதுக்கு செஞ்ச எண்ணெய், மெத்தனால்ல கரையாது. குலுக்கினா கலந்த மாதிரி தெரியும், கொஞ்ச நேரத்துல எண்ணெய் கனம்ங்கறதால கீழ இறங்கும். டேங்க்ல க்ளங்க், அதாவது ஃப்யூவல் உறிஞ்சற ட்யூப் முனையில இருக்கற குண்டு, கிடக்கறதும் கீழதான். முதல்ல வெறும் எண்ணெயை உறிஞ்சும், இன்ஜின் இருமும், அப்புறம் எண்ணெயே இல்லாத மெத்தனாலை உறிஞ்சும், அத்தோட முடிஞ்சது. "சிந்தெடிக்"ங்கறது ஒரு பேர்தான் சார், கத்திரிக்காயும் காய், ஜாதிக்காயும் காய்ங்கற மாதிரி.

ஃபாக்ஸுக்கு ஒரு நியாயம், 46-க்கு ஒரு நியாயம்

ஃபாக்ஸ் 35 ஸ்டன்ட் 1940-கள் கடைசியில வந்த டிசைன். இரும்பு பிஸ்டன், ஸ்டீல் ஸ்லீவ், ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுப் பொருத்தினது, ரிங் கிடையாது. க்ராங்க் நிக்கறது பால் பேரிங்ல இல்லை, வெறும் வெண்கல புஷ்ல. இந்த மாதிரி இன்ஜினுக்கு கெட்டியான எண்ணெய் நிறைய வேணும். மொத்த எண்ணெய் 25-ல இருந்து 28 சதவீதம், அதுல குறைஞ்சது பாதி விளக்கெண்ணெய். பழைய ஆளுங்க முழுக்கவே விளக்கெண்ணெய்தான் போடுவாங்க. ஃபுல் சிந்தெடிக் கண்டிப்பா வேண்டாம். இன்னொரு காரணமும் இருக்கு. பல வருஷம் விளக்கெண்ணெய்ல ஓடின இரும்பு பிஸ்டன்ல தேய்மானத்தை அந்த வார்னிஷே நிரப்பி வச்சிருக்கும். திடீர்னு சிந்தெடிக்குக்கு மாத்தினா அது கழண்டு வந்து கம்ப்ரெஷன் விழுந்துடும். அதே காரணத்துக்காக, அந்த இன்ஜினை பளபளன்னு ஆக்கறேன்னு உள்ள தேய்க்கறதும் கூடாது. அப்பா விட்டுட்டுப் போன கறை உள்ளேயே இருக்கட்டும்.

46 ஏஎக்ஸ் வேற ஜாதி. பித்தளை லைனருக்கு மேல கடினமான பூச்சு, அலுமினியம் பிஸ்டன், ரெண்டு பால் பேரிங். லைனர் மேல்பக்கம் கொஞ்சம் குறுகலா இருக்கும், ஆறின இன்ஜினைக் கையால சுத்தினா உச்சியில இறுக்கமா பிடிக்கறது அதனாலதான், சூடானதும் பித்தளை அதிகமா விரிஞ்சு இடம் விடும். இதுக்கு 18-ல இருந்து 20 சதவீதம் எண்ணெய் போதும், பெரும்பங்கு சிந்தெடிக்கா இருக்கலாம், ஆனா அந்த எண்ணெயில அஞ்சுல ஒரு பங்காவது விளக்கெண்ணெயா இருக்கட்டும்னு நான் சொல்வேன். உங்க மகன் இப்பத்தான் பழகறார், நீடில் வைக்கத் தெரியாத கை, தப்பு நடக்கும். அந்த அஞ்சுல ஒரு பங்கு அவர் பண்ணப்போற தப்புக்கு முன்கூட்டியே கட்டற பிரீமியம். நீடிலைக் காதால சரியா வைக்கத் தெரிஞ்சவர், ஒவ்வொரு தடவையும் டேங்க் ட்யூபைப் பார்க்கறவர், ஃபுல் சிந்தெடிக்ல பல வருஷம் ஓட்டுவார், அதையும் ஒத்துக்கணும். கிரவுண்டுல உங்களுக்கு யோசனை சொன்னவர் அப்படிப்பட்டவரா இருக்கலாம், அவர் கைக்கு அது சரி. உங்க வீட்டு கைக்கு இல்லை, அவ்வளவுதான்.

சிந்தெடிக்குக்கு இன்னொரு குறை இருக்கு. கிளைக்கால் வகைக்கு ஈரத்தை இழுக்கற குணம், மெத்தனாலுக்கும் அதே குணம். மழைக்காலத்துல ஓட்டிட்டு அப்படியே வச்சா பேரிங் துருப்பிடிக்கும். விளக்கெண்ணெய் படலம் இருந்தா கொஞ்சம் தடுக்கும். பேரிங் போயிருக்கான்னு பார்க்க பிளக்கைக் கழட்டிட்டு ப்ராப்பை மெதுவா சுத்துங்க, விரலுக்கு மணல் அரைக்கற மாதிரி கரகரன்னு தெரிஞ்சா மாத்தணும்.

ஒரே கேன், ரெண்டு பாட்டில்

வழி இதுதான். லைசன்ஸோட விக்கற ஹாபி கடையில, பில் வாங்கிட்டு, 5 சதவீதம் நைட்ரோ (நைட்ரோமீத்தேன்), 18 சதவீதம் எண்ணெய், அந்த எண்ணெயில அஞ்சுல ஒரு பங்கு விளக்கெண்ணெய் இருக்கற ரெடிமேட் ஃப்யூவலா கேளுங்க. லேபிள்ல எண்ணெய் சதவீதம் போடாத கேனை வாங்காதீங்க. அதை 46-க்கு அப்படியே ஊத்துங்க.

ஃபாக்ஸுக்கு, அதே ஃப்யூவல் ஒரு லிட்டர் எடுத்து, 140 மில்லி நல்ல விளக்கெண்ணெய் சேருங்க. ஏற்கெனவே 180 மில்லி எண்ணெய் இருக்கு, அதுல விளக்கெண்ணெய் 36. இப்ப மொத்தம் 320 மில்லி, 1,140-க்கு 28 சதவீதம், அதுல விளக்கெண்ணெய் 176, பாதிக்கு மேல. ரெண்டு எண்ணெயும் மெத்தனால்ல கரையறதால ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது. அளக்கறதுக்கு மருந்துக் கடையில கிடைக்கற பெரிய சிரிஞ்ச் போதும், அந்த சிரிஞ்ச் அப்புறம் வீட்டு உபயோகத்துக்குத் திரும்பக் கூடாது. தராசு சமையல்கட்டுலயே இருக்கட்டும்.

எண்ணெயை மொத்தமா ஊத்தறதுக்கு முன்னாடி, சின்ன கண்ணாடி பாட்டில்ல ஃப்யூவல் 30 மில்லி, எண்ணெய் 5 மில்லி விட்டு மூடி குலுக்கி ராத்திரி முழுக்க வையுங்க. காலையில வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பார்த்தா தேன் கலர்ல தெளிவா இருக்கணும். மங்கலா இருந்தாலோ, அடியில கோடு பிரிஞ்சிருந்தாலோ வேற எண்ணெய் கலந்திருக்கு, இல்ல ஈரம் இருக்கு, கடைக்காரர்கிட்ட திருப்பிக் கொடுங்க. பாட்டில் எல்லாத்துலயும் பெரிய எழுத்துல "விஷம், ஃப்யூவல்"னு எழுதி, பூட்டற இடத்துல, சமையல்கட்டுல இருந்து தூரமா வையுங்க. தண்ணி பாட்டில் மட்டும் கூடவே கூடாது.

இப்ப அந்த ஜாம் ஆன 46

இடுக்கி போட்டுத் திருப்பாதீங்க, ப்ராப்பைத் தட்டாதீங்க, ஸ்டார்ட்டர் மோட்டார் வைக்கவே வைக்காதீங்க. கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். ப்ளேன்ல இருந்து இன்ஜினைக் கழட்டி, டேங்க், ஃப்யூவல் பாட்டில் எல்லாத்தையும் வேற ரூமுக்கு அனுப்பிட்டு, க்ளோ பிளக்கைக் கழட்டிட்டு, ரெக்கைக்கு ஃபிலிம் ஒட்ட வச்சிருப்பீங்களே ஹீட் கன், அதால தலையையும் உடம்பையும் சுத்திச் சுத்தி சூடு காட்டுங்க. விரல் வச்சா உடனே எடுக்கற சூடு வந்ததும், கையில தடிமனா துணி சுத்தி ப்ராப்பை மெதுவா முன்னும் பின்னும் அசைங்க. பிசின் இளகும்போது பழைய வெல்லப்பாகு மாதிரி முதல்ல இழுத்துப் பிடிச்சு, அப்புறம் திடீர்னு விடும். விட்டதும் ஆஃப்டர் ரன் ஆயிலோ, இல்லைன்னா காரோட ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலோ நாலு சொட்டு பிளக் ஓட்டையில, நாலு சொட்டு கார்புரேட்டர்ல விட்டு இருபது தடவை கையால சுத்துங்க. அப்புறம் எக்ஸாஸ்ட் வழியா டார்ச் அடிச்சு பிஸ்டனைப் பாருங்க. பழுப்புக் கறை பரவாயில்லை, நேர்க்கோட்டுக் கீறல் இருந்தா எழுதுங்க, பேசலாம்.

மஃப்ளர்ல இருக்கற படிவை எடுக்கறதுக்கு கார் ரேடியேட்டர்ல ஊத்தற கூலன்ட்ல, கொதிக்காம சூடா ஒரு ராத்திரி ஊற வைக்கறது பழைய வைத்தியம், நல்லா வேலை செய்யும். அதுவும் விஷம்தான், அதனால அதுக்குன்னு ஒதுக்கின பழைய பாத்திரம், வீட்டுக்கு வெளியே. ரப்பர், பிளாஸ்டிக் பாகத்தை முதல்ல கழட்டிடணும். கலர் பூச்சு போட்ட அலுமினியத்தை அதுல போட்டா கலர் மங்கும். உண்மையைச் சொன்னா கறையோட விட்டாலும் மஃப்ளர் ஒண்ணும் சொல்லப்போறதில்லை.

இனிமே ஒவ்வொரு நாளும் பறக்கவிட்டு முடிச்சதும் ஃப்யூவல் ட்யூபைக் கழட்டி, உள்ள இருக்கறது தீர்ந்து தானா நிக்கற வரைக்கும் ஓட்டுங்க, அப்புறம் நாலு சொட்டு எண்ணெய் விட்டு சுத்தி வையுங்க. இதை மட்டும் செஞ்சிருந்தா நீங்க எனக்கு லெட்டரே எழுதியிருக்க மாட்டீங்க.

நீடில் வைக்கறப்ப மட்டும் மகனைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாருங்க, இன்ஜினுக்கு விடறதைவிட அது முக்கியம். ஃபுல் த்ராட்டில்ல, ப்ராப்புக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, ஃப்யூவல் ட்யூபை ஒரு நொடி நசுக்கி விடச் சொல்லுங்க. சத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினா ரிச்சா இருக்கு, அதாவது ஃப்யூவல் தாராளமா போகுது, நல்லது. ஏறாம பொசுக்குன்னு விழுந்தா லீன், நீடிலைத் திறக்கணும். அப்புறம் ஒருத்தர் ப்ளேனைக் கெட்டியா பிடிச்சு மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கி பத்து செகண்ட் வச்சிருக்கணும். சத்தம் தொய்ஞ்சா ரெண்டு மூணு க்ளிக் திறந்துட்டுத்தான் பறக்கவிடணும். எக்ஸாஸ்ட்ல வழியற எண்ணெய் தேன் கலர்ல இருந்தா நிம்மதி. கறுப்பா, சாம்பலா வந்தா உள்ள உலோகம் அரைபடுது, அன்னைக்கு ஓட்டறதை நிறுத்திடுங்க.

ஃபாக்ஸை உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. பரண்ல இத்தனை வருஷம் இருந்ததுல அதுவும் பிசின் பிடிச்சுத்தான் இருக்கும், அதே சூடு வைத்தியம், அதே பொறுமை. சுத்த ஆரம்பிச்சதும் பின் மூடியைக் கழட்டி உள்ள துரு இருக்கான்னு பாருங்க. கேஸ்கெட் பழசு, கிழியும், கழட்டறதுக்கு முன்னாடியே புதுசா ஒண்ணு வெட்டி வச்சுக்கோங்க. முதல் ரெண்டு டேங்க் தரையில, ஸ்டாண்டுல மாட்டி, நல்லா ரிச்சா, ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி விட்டு விட்டு அடிக்கற சத்தத்துலயே ஓடட்டும்.

இப்ப உங்க கடைசி கேள்வி. "அப்பா கிரவுண்டுல இருந்து வந்தா சட்டையில ஒரு வாசனை வரும், சிந்தெடிக் போட்டா அது வருமா?"ன்னு கேட்டிருந்தீங்க. வராது சார். அது கருகின விளக்கெண்ணெயோட வாசனை, முதல் உலகப்போர்ல ரோட்டரி இன்ஜின் வச்ச ப்ளேன் ஓட்டினவங்க மூஞ்சி முழுக்க வாங்கிக்கிட்ட அதே வாசனை. உங்களுக்கு அது 46-ல லேசாத்தான் தெரியும், 140 மில்லி சேர்த்த அந்த ரெண்டாவது பாட்டில்ல நல்லாவே வரும். கண்ட்ரோல் லைன் பிடிச்சுக்கிட்டு நடுவுல நிக்கறப்போ காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் சட்டையில படியத்தான் செய்யும், அன்னைக்கு வெள்ளை சட்டை மட்டும் போட்டுட்டுப் போகாதீங்க.